டூர் டி பிரான்ஸ்: அலுத்துக்கொண்டே பார்க்க எளிய வழிகள்

ஜூலை வந்தால் நீங்கள் மூன்று வாரம் சைக்கிள் பந்தயம் பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டு, "யார் ஜெயிப்பாங்கன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இதுல என்ன இருக்கு?" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் ஓசூர் சிப்காட் பக்கத்து டீக்கடைகளில் நான் கவனித்தவரை, நம் ஆட்கள் இதை ஒழுங்குமுறை இல்லாமல் செய்கிறார்கள். திங்கட்கிழமை அலுத்துக்கொள்கிறார்கள், செவ்வாய்க்கிழமை தன்னை மறந்து "ஏய், போறான் பாரு, போறான் பாரு" என்று கத்திவிடுகிறார்கள். பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். மானம் போகிறது.

21 நாள் ஓட்டம், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர், எட்டெட்டுப் பேராக இருபதுக்கும் மேற்பட்ட அணிகள். இத்தனையையும் "எப்பவும் போலத்தான்" என்ற இரண்டே சொல்லில் அடக்குவதற்கு உழைப்பு தேவை. கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியைக் கற்றுக்கொண்டால் போதும்.

1. பந்தயம் தொடங்குவதற்கு முன்பே ஜெயித்தவரை அறிவித்துவிடுங்கள்.

ஜூன் கடைசி வாரமே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள்: "போகாச்சர்தான்." ஸ்லோவேனியாவின் ததேய் போகாச்சர் 2020, 2021, 2024, 2025 என நான்கு முறை வென்றவர், ஆகவே உங்கள் சொல் பலிக்க வாய்ப்பு அதிகம். "2022லயும் 2023லயும் டென்மார்க்காரர் விங்கெகோர் இவரை மலையில வச்சு நொறுக்கினாரே?" என்று யாராவது இழுத்தால், "அது வேற கதை" என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். 2020இன் கதையை மட்டும் யாரும் எடுக்கவே விடக்கூடாது. கடைசிக்கு முந்தின நாள்வரை 57 விநாடி பின்தங்கியிருந்த 21 வயதுப் பையன், 36 கிலோமீட்டர் தனிநேர ஓட்டத்தில் தன் நாட்டுக்காரர் ரோக்லிச்சைத் தாண்டி, 59 விநாடி முன்னிலையோடு பாரிசுக்குப் போனான். அந்தப் பையன்தான் இன்று உங்களை அலுக்க வைக்கும் போகாச்சர் என்று தெரிந்தால் குழுவில் சிலர் ஆர்வமாகிவிடுவார்கள்.

2. முடிவை மட்டும் படியுங்கள். படித்ததை உடனே பரப்புங்கள்.

இந்திய நேரப்படி அன்றைய ஸ்டேஜ் முடிவது இரவு ஒன்பது மணியை ஒட்டி. செகண்ட் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, ஜெயித்தவர் பெயரை மட்டும் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் முழு ஹைலைட்ஸ் பார்க்கலாம் என்று, நாள் முழுக்க எதையும் திறக்காமல் விரதம் இருக்கும் ஒருவர் உங்கள் குழுவில் இருப்பார். அவருக்காகவே முடிவைப் போடுங்கள். "எதிர்பார்த்ததுதான்" என்று சேர்த்துப் போட்டால் மனசு நிறையும்.

முடிவை மட்டும் படிப்பதில் எவ்வளவு லாபம் என்பதற்கு 2025இன் ஒன்பதாவது ஸ்டேஜைப் பாருங்கள். சினோனிலிருந்து ஷாத்தோருவரை சப்பையான தரை. முடிவு: டிம் மெர்லியர், ஸ்பிரிண்ட் ஆள். சமதளத்தில் ஸ்பிரிண்டர் ஜெயித்தார், வேறென்ன? போனை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பலாம். அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் பாவம். மாத்தியூ வான் டெர் போல், தன் அணித் தோழர் யோனஸ் ரிக்கார்ட்டைக் கூட்டிக்கொண்டு, கொடி அசைந்ததுமே கிளம்பிவிட்டார். காரணம்? ரிக்கார்ட்டுக்கு ஒரு நாளாவது டூர் மேடையில் ஏற வேண்டும் என்று ஆசை. அன்றைய துணிச்சலுக்கான பரிசை வாங்கினால் மேடை ஏறலாம். இரண்டே பேர், பின்னால் துரத்தும் மொத்தக் கூட்டம், 170 கிலோமீட்டருக்கு மேல். ரிக்கார்ட் கடைசியில் கழன்றுகொள்ள, வான் டெர் போல் தனியாக மிதித்தார். கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர்கூட மிச்சமில்லாத இடத்தில் பிடிபட்டார். ரிக்கார்ட் மேடை ஏறினார். இதையெல்லாம் பார்த்திருந்தால் அன்று கேண்டீன் சாம்பார் ஆறிப்போயிருக்கும்.

3. பார்த்தே தீர வேண்டுமென்றால், தவறான நேரத்தில் பாருங்கள்.

சமதள நாளில் தொடக்கத்திலிருந்து நான்கு மணி நேரம் உட்காருங்கள். சூரியகாந்தி வயல், தேவாலயம், ஹெலிகாப்டர். மலை நாளில் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வையுங்கள். இதை மாற்றிச் செய்தவர்கள் பலர் வழிதவறிப் போயிருக்கிறார்கள்.

4. காற்றைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாதீர்கள்.

முன்னே பிய்த்துக்கொண்டு ஓடும் நான்கு பேரைக் கூட்டம் கடைசி ஐந்து கிலோமீட்டரில் பிடித்துவிடும். உடனே "சும்மா விட்டுப் பிடிக்கிறாங்க, எல்லாம் செட்டிங்" என்று சொல்லுங்கள். ஏன் பிடிக்க முடிகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2018இல் கணக்கிட்டது: பெருங்கூட்டத்தின் நடுவில் போகிறவருக்கு, தனியாகப் போகும்போது எதிர்ப்படும் காற்றின் தடையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முன்னாலிருப்பவர் சாகிறார், நடுவிலிருப்பவர் பேசிக்கொண்டு வருகிறார். பிரெஞ்சு வர்ணனையாளர் ரொபேர் ஷப்பாத் இதற்கு ஒரு கைக்கணக்கே வைத்திருந்தார்: கடைசிப் பத்து கிலோமீட்டரில் தப்பிக்க ஒரு நிமிட முன்னிலை வேண்டும். இந்தக் கணக்கு மனசில் இருந்தால் திரையின் மூலையில் ஓடும் இரண்டு எண்களே திகில் படமாகிவிடும். "எட்டு கிலோமீட்டர், 45 விநாடி… முடியுமா?" என்று நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆகவே வேண்டாம்.

ஞாயிறு காலையில் அத்திப்பள்ளி தாண்டி வரும் பெங்களூரு சைக்கிள் கூட்டத்தையும் உற்றுப் பார்க்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44இல் சூளகிரியிலிருந்து திரும்பும்போது எதிர்காற்றில் அவர்கள் வரிசை கட்டி, மாறி மாறி முன்னால் வருவார்கள். அது என்ன என்று கேட்டால் விளக்கம் சொல்லியே பாதி நாளைத் தின்றுவிடுவார்கள்.

5. ஒரே ஒரு ஜெர்சியைப் பாருங்கள்.

மஞ்சள், மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் போடுவது. அவ்வளவுதான். 180 பேருக்கு மேல் ஓடுகிறார்கள். அவர்களில் மஞ்சளுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஐந்தாறு பேர்தான் என்பது உங்களுக்கு எதற்கு? மற்றவர்கள் வேறு வேறு பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற உண்மை உங்கள் சலிப்புக்குப் பரம விரோதி.

குறிப்பாக 2024ஐ எச்சரிக்கையாகக் கையாளுங்கள். அந்த வருடம் மஞ்சளுக்கான போட்டி உண்மையிலேயே செத்தது: போகாச்சர் ஆறு ஸ்டேஜ், ஆறு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். உங்கள் கட்சிக்குக் கிடைத்த சிறந்த வருடம். ஆனால் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் மார்க் கேவண்டிஷ் தெரிந்துவிடுவார். 39 வயது. முதல் நாள் இத்தாலி வெயிலில், ஏற்றத்தில் வாந்தி எடுத்து, அணிக்காரர்கள் சுற்றி நின்று கூட்டிவர, நேர எல்லைக்குள் எப்படியோ ரிமினி வந்து சேர்ந்தார். எல்லையைத் தாண்டினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 3ஆம் தேதி, சேன் வூல்பாவில் ஸ்பிரிண்ட் அடித்தார்: 35ஆவது ஸ்டேஜ் வெற்றி. எடி மெர்க்ஸின் 34 உடைந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் டூரின் நகரில் எரித்ரியாவின் பினியம் கிர்மாய் ஜெயித்தார். டூரில் ஒரு கறுப்பின ஆப்பிரிக்கர் ஸ்டேஜ் வென்றது அதுவே முதல்முறை. புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியையும் அவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இதெல்லாம் யாராவது சொன்னால், "கடைசில யார் ஜெயிச்சா? அதைச் சொல்லு" என்று மடக்குங்கள். அசைக்க முடியாத வாதம்.

6. "அந்தக் காலத்துல" என்று தொடங்குங்கள்.

அந்தக் காலத்தில் பந்தயம் பந்தயமாக இருந்தது என்று சொல்லுங்கள். ஆதாரமாக 1989ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசி நாள், 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம், 50 விநாடி பின்னாலிருந்த கிரெக் லெமாண்ட் எட்டு விநாடியில் ஃபின்யோனை வென்றார். அருமையான உதாரணம். தேயும்வரை பயன்படுத்துங்கள்.

மற்ற வருடங்களைத் திறக்காதீர்கள். 1903இல் நடந்த முதல் டூரிலேயே மோரிஸ் காரேன் முதல் நாள் முன்னிலை பிடித்து, கடைசிவரை விடாமல், ஏறத்தாழ மூன்று மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தார். மணி நேரம்! 1969இல் மெர்க்ஸின் வித்தியாசம் 17 நிமிடம் 54 விநாடி. இந்துராயின் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து. பிறகு இனியோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்கை அணி, 2012 முதல் 2019 வரையிலான எட்டு டூரில் ஏழு. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு வெற்றிகளை ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் அழித்துவிட்டதால் அந்த இடம் ஏடுகளில் காலியாகவே கிடக்கிறது. அதை மட்டும் "யார் ஜெயிப்பார் என்று தெரியாத காலம்" என்று தாராளமாகச் சொல்லலாம், இன்றைக்கும் தெரியாது.

7. பெண்கள் பந்தயம் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கறாராக இருக்க வேண்டும். பெண்களுக்கான டூர் 2022இல் மறுபடியும் தொடங்கியது. வான் ஃப்ளூட்டன், வொல்லெரிங், நியெவியாதோமா, ஃபெரான் பிரேவோ என நான்கு வருடத்தில் நான்கு பேர் ஜெயித்திருக்கிறார்கள். இது உங்கள் வாதத்துக்கு நேரடி ஆபத்து.

அதிலும் 2024ஐ வாயே திறக்காதீர்கள். டெமி வொல்லெரிங் ஐந்தாவது ஸ்டேஜில் மஞ்சள் ஜெர்சியோடு கீழே விழுந்து, ஒன்றேமுக்கால் நிமிடத்தை இழந்தார். எட்டாவது ஸ்டேஜில், கடைசி நாள், கிளாண்டோன் கணவாயில் தாக்கி ஆல்ப் துவேஸ் உச்சியில் முதலில் வந்து, கோட்டைத் தாண்டி நின்று காத்திருந்தார். கீழே இன்னும் மிதித்துக்கொண்டிருந்த போலந்தின் காஷியா நியெவியாதோமா வந்து சேர்ந்தபோது மொத்தக் கணக்கில் நான்கு விநாடி மிச்சம். லெமாண்டுக்கு எட்டு, இவருக்கு நான்கு. கைக்கடிகாரம் செய்யும் ஊரில் பிறந்துவிட்டு, டைட்டன் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, நான்கு விநாடிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது.

8. இத்தாலி என்றொரு நாடே இல்லை.

2025 ஜீரோ டி இத்தாலியா, இத்தாலியின் டூர். இருபதாவது ஸ்டேஜ், பினெஸ்த்ரே கணவாய், மேலே போகப் போகச் சரளைக்கல் பாதை. முன்னிலைக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் மெக்சிகோவின் 21 வயது இசாக் தெல் தோரோ; இரண்டாவதாக எக்வதோரின் கராபாஸ்; மூன்றாவதாக சைமன் யேட்ஸ், 1 நிமிடம் 21 விநாடி பின்னால். யேட்ஸ் கிளம்பினார். முதல் இருவரும் அவரைத் துரத்தாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வந்தார்கள்: நீ போ, நீ போ. யாரும் போகவில்லை. யேட்சின் அணிக்காரர் வவுட் வான் ஆர்ட் அன்று காலையிலேயே முன்னால் ஓடிப்போயிருந்தார். மலை இறங்கியதும் அவர் காத்திருந்து யேட்சை இழுத்துக்கொண்டு போனார். மாலையில் கணக்குப் பார்த்தால் யேட்ஸ் 3 நிமிடம் 56 விநாடி முன்னால். 2018இல் இதே மலையில், இதே இளஞ்சிவப்பு ஜெர்சியில், இதே யேட்ஸ் நொறுங்கிப்போய்ப் பந்தயத்தைக் கிறிஸ் ஃபுரூமிடம் பறிகொடுத்தவர்.

இந்தக் கதையை எங்காவது கேட்க நேர்ந்தால் முகத்தைச் சுளித்து, "ஜீரோவா? அது சின்னப் பந்தயம்ல?" என்று கேளுங்கள்.

9. பணத்தைக் குறை சொல்லுங்கள். ஆனால் பாதியில் நிறுத்திவிடுங்கள்.

இந்தப் படியில் நீங்கள் சொல்வது உண்மை என்பதால் கவனம் தேவை. போகாச்சரின் யூஏஈ அணி போன்ற பணக்கார அணிகள், வேறு இடத்தில் தலைவராக இருக்க வேண்டிய ஆடம் யேட்ஸ், அல்மெய்டா போன்றவர்களை எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. காதில் ரேடியோ, கைப்பிடியில் வாட் கணக்குக் காட்டும் கருவி. யாரும் தெரியாமல் வெடித்துப்போக வழி குறைந்துவிட்டது. 2018இல் அணிக்கு ஒன்பது பேர் என்பதை எட்டாகக் குறைத்தார்கள். பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. 2025இல் பன்னிரண்டாவது ஸ்டேஜில் ஒட்டகாம் மலையில் போகாச்சர் விங்கெகோரை 2 நிமிடம் 10 விநாடி பின்னுக்குத் தள்ளியபோது, மஞ்சளுக்கான போட்டி அங்கேயே முடிந்தது. இன்னும் ஒன்பது நாள் பாக்கி. இதைச் சலிப்பு என்று சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை.

நீங்கள் நிறுத்த வேண்டிய இடம் இதுதான். மேலே போனால், அந்த ஒன்பது நாளில் வாந்தூ மலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஜெயித்ததும், கடைசி நாள் பாரிசில் மழை கொட்ட, நேரக் கணக்கை முன்பே நிறுத்திவிட்டதால் சும்மா உருட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்றிருந்த போகாச்சர், மோன்மார்த்ரின் கல் பாவிய ஏற்றத்தில் வான் ஆர்ட்டோடு மல்லுக்கட்டித் தோற்றதும் வந்துவிடும். ஜெயித்து முடித்தவர் எதற்கு வழுக்கும் கல்லில் உயிரைப் பணயம் வைத்தார் என்ற கேள்விக்கு உங்கள் கையில் பதில் இல்லை.

10. இந்த அளவுகோலைச் சொந்த ஊருக்கு வைக்காதீர்கள்.

நாட்டுக்குள் நடக்கும் மோட்டார்சைக்கிள் பந்தயங்களில் டிவிஎஸ் ரேசிங் பல பத்தாண்டாகக் கோப்பையை அள்ளுகிறது. அப்போது "எப்பவும் இவங்கதான், போர்" என்று ஓசூரில் யாரும் சொல்வதில்லை. "நம்ம கம்பெனி வண்டிடா" என்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் ஒரு காளை மூன்று ஊரில் தொடர்ந்து பரிசடித்தால், நான்காவது ஊரில் அதைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது. அதற்குத் தனி ஃபிளெக்ஸ். மாட்டுக்காரரிடம் போய் "இதுதான் ஜெயிக்கும்னு தெரியுமே, அப்புறம் எதுக்கு ஓட்டறீங்க அண்ணா?" என்று கேட்டுப்பாருங்கள். கேட்டுவிட்டு ஓடத் தயாராக இருங்கள்.

11. எக்காரணம் கொண்டும் சைக்கிள் ஓட்டாதீர்கள்.

மற்ற எல்லாப் படியையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ஒரே ஒரு முறை தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினால் போதும். மூன்றாவது வளைவில் நின்று, மூச்சு வாங்கி, "இதைப்போல பத்து மடங்கு மலையை, மூன்று வாரம், தினமும்…" என்ற யோசனை வந்துவிடும். பிறகு திரையில் கடைசி ஆளாகத் தள்ளாடி வருபவரைக்கூட அலட்சியமாகப் பார்க்க முடியாது. 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸுக்குப் போய், மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவந்தவர்களோடு பழக வேண்டாம். அவர்களுக்கு முதலில் வந்தவர் பெயர் நினைவிருக்காது. தாங்கள் எந்த வளைவில் இறங்கித் தள்ளினோம் என்பது நினைவிருக்கும். சலிப்புக்கு லாயக்கற்ற ஆட்கள்.

சர்வீஸ் ரோட்டில் பழைய சைக்கிளில் சிப்காட்டுக்குப் போகிறவரா நீங்கள்? உங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். நான்காவது படி வீணாகிவிடும்.

12. அடுத்ததற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

2026 டூரின் பாதையை வகுத்தவர்கள் உங்களைக் கவிழ்க்கவே திட்டம் போட்டிருக்கிறார்கள். பார்சிலோனாவில் தொடக்கம், கடைசிக்கு முந்தைய இரண்டு நாளும், வெள்ளி, சனி, அடுத்தடுத்து ஆல்ப் துவேஸ் உச்சியில் முடிவு. சனிக்கிழமை வீட்டில் இருந்தால் பார்த்துவிடுவீர்கள். அதனால் முன்கூட்டியே சூப்பர்வைசரைப் பாருங்கள். "சார், ஜூலை 24, 25 ரெண்டு நாளும் எனக்கு செகண்ட் ஷிஃப்ட் போட்டுடுங்க" என்று கேளுங்கள். யாரும் விரும்பிக் கேட்காத ஷிஃப்ட் என்பதால் காரணம் கேட்பார். தங்கச்சி கல்யாணம் என்று சொல்லிவிடாதீர்கள்; லீவு கொடுத்துவிடுவார்.